போதையிலிருந்து மீள பௌத்தப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடி, புகை, மாத்திரை, ஊசி, சூதாட்டம் என்று ஏதோ ஒன்றிலிருந்து வெளியே வர முயல்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குடியை இன்றைக்கே நிறுத்தப்போகிறவர்கள் மூன்றாவது கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

1. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பழைய போதனைக்கும் போதை நோய்க்கும் என்ன சம்பந்தம்?

போதை நோய்க்கென்று தனி மருந்து எதையும் புத்தர் சொல்லவில்லை. வேட்கை எப்படிப் பிறக்கிறது என்பதை அவர் துல்லியமாகச் சொன்னார். பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. மணிமேகலை அந்தப் பன்னிரண்டையும் அழகான தமிழில் வரிசையாகத் தருகிறது. நமக்கு வேண்டியவை நடுவில் இருக்கும் நான்கு: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

பக்கத்து மேசையில் பாட்டில் மூடியைத் திறக்கும் சத்தம் காதில் படுகிறது. அது ஊறு. தொண்டை வறள்கிறது, நாக்கடியில் எச்சில் சுரக்கிறது, நெஞ்சில் ஒரு குறுகுறுப்பு. அது நுகர்வு. 'ஒண்ணு போட்டா நல்லா இருக்கும்' என்பது வேட்கை. 'வாரம் பூரா உழைச்சிருக்கோம், இன்னைக்கு ஒரு நாள்தானே' என்று உள்ளே ஒரு வக்கீல் எழுந்து வாதாடத் தொடங்குகிறாரே, அவர்தான் பற்று. இவ்வளவும் இரண்டு மூன்று நொடியில் நடந்து முடிந்துவிடும்.

சத்தம் காதில் விழுவதைத் தடுக்க முடியாது. எச்சில் சுரப்பதையும் தடுக்க முடியாது. பல வருடப் பழக்கத்தில் உடம்பு படித்த பாடம் அது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் கை வைக்க இடம் இருக்கிறது. தியானம், சீலம் (ஒழுக்கப் பயிற்சி), நட்பு என்று கீழே வரும் எல்லாமே அந்த இடுக்கைக் கொஞ்சம் அகலமாக்கும் வேலைதான். 'மனசுல உறுதி இல்லை' என்று திட்டுகிறவர்கள், வக்கீல் பேச ஆரம்பித்த பிறகு அவரோடு மல்லுக்கு நிற்கச் சொல்கிறார்கள். அந்த வழக்கில் அவர் தோற்பது அபூர்வம்.

2. நான் வேறு மதம். அல்லது எந்த மதமும் இல்லை. செய்யலாமா?

தாராளமாக. மறுபிறப்பை நம்ப வேண்டியதில்லை, சிலைக்கு முன்னால் உட்கார வேண்டியதில்லை. மூச்சைக் கவனிப்பதற்கு மதம் கிடையாது.

3. இன்றைக்கே குடியை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காரட்டுமா?

தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதில் சமரசமே கிடையாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், குழப்பம், இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிவது, இருக்கும் இடமே மறந்துபோவது என்று சித்தக் கலக்கம் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் அதில் உயிரே போகலாம். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் இந்த முறை வீட்டில் முயலவே கூடாது.

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை வகைகளும் இப்படித்தான். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் தூக்கிப் போட்டால் வலிப்பு வரலாம். ஹெராயின் போன்றவற்றை நிறுத்தும்போது உடம்பு முறித்துப் போட்டது போல இருக்கும். அந்த அவதியில் உயிர் போவது அரிது. உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு காத்திருக்கிறது, 12ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறோம். புகையிலையை யாரும் வீட்டிலேயே நிறுத்தலாம். முதல் மூன்று நாள் கடுமை, பிறகு சில வாரங்களில் தணியும்.

நடுங்கும் கையோடு கண்ணை மூடி உட்கார்ந்து 'எல்லாம் அநித்தியம்' என்று பார்த்துக்கொண்டிருப்பதை எந்த பிக்குவும் பாராட்ட மாட்டார். உடம்பிலிருந்து நஞ்சு இறங்கும் வரை மருத்துவம், அதன் பிறகு பயிற்சி.

4. ஏக்கத்தைக் குறைக்க மாத்திரை தருகிறார்கள். அதுவும் ஒரு போதைதானே? ஐந்தாம் சீலம் கெட்டுப்போகாதா?

கெடாது. மயங்கிக் கவனமிழக்க வைக்கும் பொருளைத் தவிர்ப்பதே அந்தச் சீலம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் மயக்கம் தருவன அல்ல. மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகியவை ஓபியம் வகையைச் சேர்ந்தவைதான். ஆனாலும் மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பவருக்கு அவை தெளிவைத் திருப்பித் தருகின்றன, சாவிலிருந்தும் காக்கின்றன. 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில் இவற்றைத் தானாக நிறுத்தி, வாரங்களுக்குள் பழைய இடத்துக்கே போகிறவர்கள் உண்டு. குழுவில் யாராவது மாத்திரையை விடச் சொன்னால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

5. அந்தச் சீலம் சரியாக என்னதான் சொல்கிறது?

'சுரா மேரய மஜ்ஜ பமாதட்டானா வேரமணி சிக்காபதம் சமாதியாமி.' காய்ச்சிய மதுவும் புளிக்கவைத்த மதுவும் மயக்கம் தரும் பிறவும் கவனக்குறைவுக்குக் காரணமாகின்றன. அவற்றிலிருந்து விலகி நிற்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று பொருள். 'சிக்காபதம்' என்றால் பயிற்சிப் படி. அது கட்டளையும் இல்லை, சாபமும் இல்லை. மீறினால் தண்டனை என்ற பேச்சே அதில் கிடையாது. திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

பிக்குகளுக்கு மதுவைத் தடுக்கும் விதி எப்படி வந்தது என்பது சுவாரசியம். சாகதர் என்ற பிக்கு நாகம் ஒன்றை அடக்கும் அளவுக்குச் சித்தி பெற்றவர். கோசம்பி நகரத்தார் அவரைக் கொண்டாட வீட்டுக்கு வீடு மது வைத்தார்கள். வீட்டுக்கு வீடு குடித்தவர் நகர வாயிலில் விழுந்தார். தூக்கி வந்து புத்தர் பக்கம் தலை வைத்துக் கிடத்தினார்கள். புரண்டு கால் நீட்டிப் படுத்துவிட்டார். முன்பெல்லாம் இவர் மரியாதை தெரிந்தவர்தானே, இப்போது ஒரு சின்னத் தண்ணீர்ப் பாம்பையாவது இவரால் அடக்க முடியுமா என்று புத்தர் மற்றவர்களைக் கேட்டார். திறமைசாலிக்குக் குடி ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல நல்ல கதை.

6. தியானத்தை எப்படித் தொடங்குவது? நேரம், அளவு சொல்லுங்கள்.

முதல் வாரம் 5 நிமிடம், காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. சம்மணம் போட்டே ஆக வேண்டும் என்றில்லை, நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் படியட்டும், முதுகு சாய்மானத்திலிருந்து நான்கு விரல் விலகி இருக்கட்டும். மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறது என்று பாருங்கள்: மூக்கு நுனியா, நெஞ்சா, வயிறா? ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க மாற்றாமல் இருங்கள். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து. எண்ணிக்கை தவறினாலும் ஒன்றிலிருந்து. மூன்றைத் தாண்டாத நாட்கள் நிறைய வரும், கவலைப்படாதீர்கள். மனம் ஓடியதைக் கண்டுபிடிக்கும் அந்த நொடிதான் பயிற்சி. பின்னால் கடை வாசலில் உங்களைப் பிடித்து நிறுத்தப்போவதும் அதே நொடிதான்.

இரண்டாம் வாரம் 10 நிமிடம். கூடவே இரவில் படுத்தபடி உடம்பைக் கால் விரலிலிருந்து உச்சி வரை 15 நிமிடத்தில் மெதுவாகக் கவனித்து வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இங்கே இருப்பது இதமா, வலியா, இரண்டுமில்லையா? நுகர்வு என்பது இந்த மூன்றுதான். உடம்பை மறக்கத்தான் பலரும் குடித்திருப்பார்கள், அதனால் இடுப்புக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை என்பவர்கள் அதிகம். தெரியவில்லை என்பதையும் அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

மூன்றாம் வாரம் வந்துபோகும் எண்ணங்களுக்கு ஒற்றைச் சொல்லில் பெயர் வையுங்கள். 'ஏக்கம்', 'கோபம்', 'கணக்கு', 'பயம்'. விளக்கம் வேண்டாம், பெயர் போதும்.

நான்காம் வாரத்திலிருந்து 15 அல்லது 20 நிமிடம். இப்போது இரவு உட்காருவதை உங்கள் ஆபத்து நேரத்துக்கு அரை மணி முன்னால் நகர்த்துங்கள். மாலை ஏழுக்குக் குடித்துப் பழகியவர் ஆறரைக்கு உட்கார வேண்டும். ஏழு மணிக்கு உட்காரலாம் என்றால் ஏழு மணிக்கு நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். ஏக்கம் வரும்போதெல்லாம் ஒரு வரி: நேரம், இடம், எது தூண்டியது, உடம்பில் எங்கே, பத்துக்கு எத்தனை, எத்தனை நிமிடம் இருந்தது. இரண்டு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு கண்ணில் படும். பெரும்பாலும் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கில் ஒன்று பின்னால் நின்றுகொண்டிருக்கும். பசிக்கு ஏதாவது சாப்பிடுங்கள். அதற்குத் தியானம் தேவையில்லை.

7. உட்கார்ந்தாலே தூக்கம். இல்லையென்றால் ஒரே தவிப்பு.

தியானத்துக்கு வரும் தடைகள் ஐந்து என்பது பௌத்தக் கணக்கு, இரண்டும் அவற்றில் சேர்ந்தவை. நிறுத்திய முதல் மாதங்களில் தூக்கம் கெட்டுக் கிடப்பதால் இரண்டும் மாறி மாறி வரும். மொக்கல்லானர் என்ற சீடர் தூங்கி விழுந்தபோது புத்தர் கொடுத்த யோசனைகள் இன்றைக்கும் அப்படியே உதவும்: காது மடலை இழுத்துவிடு, கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவு, வானத்தைப் பார், வெளிச்சத்தை மனதில் நிறுத்து, நட. ஒன்றும் பலிக்கவில்லையா, வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு. தவிப்புக்கு நடைத் தியானம் நல்லது: 15 அடி தூரம், போய்த் திரும்பி, குதிகால் பதிவதை மட்டும் கவனித்து, 10 நிமிடம்.

8. ஏக்கம் வந்துவிட்டது. இந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் இடத்தை விட்டு விலகுங்கள். கையெட்டும் தூரத்தில் பாட்டில் இருக்கும்போது செய்வதற்கான பயிற்சி இல்லை இது.

பிறகு நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். பாதம் தரையில் படுவதை உணருங்கள். ஏக்கம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 'குடிக்கணும்' என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அதன் உடல் வடிவத்தைப் பிடியுங்கள். தாடை இறுகியிருக்கலாம், தொப்புளுக்கு மேலே ஒரு குழி விழுந்தது போல இருக்கலாம், உள்ளங்கை அரிக்கலாம். எவ்வளவு பெரியது, எலுமிச்சை அளவா, தட்டு அளவா? ஓரம் எங்கே முடிகிறது? சூடா, குளிரா? நகருகிறதா? பத்துக்கு எத்தனை? ஒரு நிமிடம் மூச்சு, ஒரு நிமிடம் அந்த இடம், மறுபடி மூச்சு. எண் ஏறும், நிற்கும், இறங்கும். சில சமயம் மறுபடி ஏறும். வேறெதையும் ஊட்டாமல் விட்டால் பெரும்பாலும் 20, 30 நிமிடத்துக்குள் தணிந்துவிடும். சிகரெட் ஏக்கம் சில நிமிடங்களிலேயே. ஊட்டுவது என்றால் பழைய நல்ல நாட்களை ஓட்டிப் பார்ப்பது, யாரிடம் பணம் கேட்கலாம் என்று யோசிப்பது, 'அரை மட்டும்' என்று பேரம் பேசுவது.

உளவியலாளர் ஆலன் மார்லட் இதை அலைமேல் சறுக்குவதற்கு ஒப்பிட்டார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இதை மையமாக வைத்து, வாரம் ஒரு 2 மணி நேர அமர்வாக 8 வாரப் பயிற்சியை உருவாக்கினார்கள்.

இது பிசகுவது மூன்று இடங்களில். ஏக்கத்தை ஒழித்துக்கட்டும் ஆயுதமாக இதைப் பயன்படுத்துவது முதல் பிசகு. 'போச்சா, இன்னும் போகலையா' என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே இன்னொரு வேட்கை. விபவ தண்ஹா, அதாவது இல்லாமல் போகட்டும் என்ற வேட்கை, என்று அதற்குப் பாலியில் பெயரே இருக்கிறது. பத்துக்குப் பத்து ஏக்கத்தில்தான் முதல்முறையாக முயல்வது இரண்டாவது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியாது. கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் மூன்று நிமிடம், போனை எடுக்கத் தோன்றும்போது எடுக்காமல் ஐந்து நிமிடம் என்று சின்ன ஆசைகளில் தினமும் பழகுங்கள். மூன்றாவது, எட்டு ஒன்பதைத் தாண்டியும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளேயே கிடப்பது. அப்போது கண்ணைத் திறந்து அறையில் தெரியும் ஐந்து பொருட்களுக்குப் பெயர் சொல்லுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள்.

9. பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குச் சரிப்படவில்லை. வேறு வழி உண்டா?

புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சுத்தம் (அதாவது உரை) ஐந்து வழிகளை வரிசைப்படி தருகிறது. ஒன்று பலிக்காவிட்டால்தான் அடுத்தது. முதலாவது, நல்ல எண்ணம் ஒன்றால் மாற்றுவது. தச்சன் மெல்லிய ஆப்பை அடித்துத் தடித்த ஆப்பை வெளியே தள்ளுவது போல. இரண்டாவது, விளைவை நினைப்பது. அலங்கரித்துக்கொண்ட இளைஞன் கழுத்தில் செத்த பாம்பைக் கட்டினால் எப்படி அருவருப்பானோ அப்படி. அதற்கு உங்கள் கடைசிக் குடியின் மறுநாள் காலையை நாலு வரியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, கண்டுகொள்ளாமல் விடுவது. நான்காவது, எண்ணத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. வேகமாகப் போகிறவன் ஏன் ஓட வேண்டும் என்று நடந்து, ஏன் நடக்க வேண்டும் என்று நின்று, பிறகு உட்கார்ந்து, பிறகு படுப்பது போல. ஐந்தாவது, பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தால் அமுக்குவது.

ஊரில் எல்லோரும் குடிகாரரிடம் முதலில் எதிர்பார்ப்பது இந்த ஐந்தாவதை. புத்தர் அதைக் கடைசியில் வைத்தார்.

10. ஆசையை விட வேண்டும் என்பதும் ஓர் ஆசைதானே?

உண்ணாபர் என்ற பிராமணர் இதையே புத்தரின் சீடர் ஆனந்தரிடம் கேட்டார். இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்று உங்களுக்கு ஓர் ஆசை இருந்ததே, வந்து சேர்ந்த பிறகு அது என்ன ஆயிற்று என்று ஆனந்தர் திருப்பிக் கேட்டார். அடங்கிவிட்டது என்றார் அவர். குடியை விடும் ஆசையும் அந்த வகை. குடிக்கும் ஆசை குடித்த பிறகும் அடங்காது. அதைத் தண்ஹா என்கிறோம், அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே தாகம்.

11. செய்ததை நினைத்தால் உட்காரவே முடியவில்லை. குற்ற உணர்ச்சி கொல்கிறது.

சல்ல சுத்தம் என்ற புத்தர் உரையில் இரண்டு அம்புகள் வருகின்றன. முதல் அம்பு உடம்பில் பட்ட வலி. அதற்காகப் புலம்பி மார்பில் அடித்துக்கொள்வது இரண்டாவது. குடித்ததால் உடைந்த உறவும் போன வேலையும் முதல் அம்பு. 'நான் மனுஷனே இல்லை' என்று இரவு இரண்டு மணிக்கு உங்களை நீங்களே கிழித்துக்கொள்வது இரண்டாவது. அடுத்த குப்பியைத் தேட வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

மைத்ரிப் பயிற்சி, அதாவது பிறருக்கும் தனக்கும் நலம் வேண்டும் பயிற்சி, இதற்கு உதவும், ஆனால் வரிசையை மாற்றுங்கள். விசுத்திமக்கம் என்ற பழைய பாலி நூல் தன்னிலிருந்து தொடங்கச் சொல்கிறது. மீண்டு வரும் பலருக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிடும். அதனால் நினைத்தாலே முகம் மலரும் ஒரு குழந்தை, ஒரு நாய்க்குட்டி என்று தொடங்குங்கள். 'நல்லா இருக்கட்டும். பத்திரமா இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கட்டும்.' ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு, ஐந்து நிமிடம். அடுத்த வாரம், முகம் மட்டும் தெரிந்த ஓர் அந்நியர். அதற்கும் அடுத்த வாரம் அந்த வரிசையின் கடைசியில் நீங்களும் நின்றுகொள்ளுங்கள். வராத பாசத்தை வரவழைக்க வேண்டாம், வரிகளைச் சொன்னால் போதும். நீங்கள் யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரை இதில் கொண்டுவர மாதங்கள் ஆகட்டும்.

12. நாற்பது நாள் இருந்தேன், நேற்று குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

நாற்பது நாள் பயிற்சி எங்கேயும் போகவில்லை. ஒரு கோப்பையில் தொடங்கியது ஒரு வாரமாக நீள்வதற்கு அந்தக் கோப்பையைவிட 'அவ்வளவுதான், எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற எண்ணமே பெரிய காரணம் என்று மார்லட் 1980களிலேயே எழுதினார்.

புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை இங்கே கைகொடுக்கும். கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றான் ராகுலன். அதுபோல ஒரு செயலைச் செய்யும் முன்பு பார், செய்துகொண்டிருக்கும்போது பார், செய்த பிறகும் பார் என்றார். நடுவில் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பாதிக் கோப்பையில் கீழே வைக்கலாம். இரண்டாவது கோப்பைக்கு முன்னால் எழுந்து போகலாம். தவறு என்று பின்னால் தெரிந்தால் அறிவுள்ள ஒருவரிடம் அதைத் திறந்து சொல், இனித் தடுத்துக்கொள் என்பதோடு அந்த அறிவுரை முடிகிறது. ஆகவே 24 மணி நேரத்துக்குள் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு நோட்டை எடுத்து, குடித்த நொடியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: அதற்கு முன் எங்கே இருந்தேன், அதற்கு முன் யாரோடு, அதற்கு முன் என்ன நினைத்தேன். சறுக்கல் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு முன்பே தொடங்கியிருக்கும்: விட்டுப்போன உட்காரல், எடுக்காத போன், 'சும்மா அந்தப் பக்கமாப் போலாம்' என்ற நடை.

ஹெராயின், ஓபியம் வகை வலி மாத்திரை ஆகியவற்றில் இருந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மீட்பு மையத்திலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள் இதனால்தான் மிக ஆபத்தானவை. நலோக்சோன் என்ற முறிமருந்து கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்திருங்கள், அதைப் பயன்படுத்தும் விதத்தை வீட்டில் இருப்பவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

13. தனியாகவே செய்துகொள்ளலாமா? பன்னிரண்டு படிக் கூட்டத்துக்கும் போகிறேன், முரண்படுமா?

நல்ல நட்பு இந்தப் பாதையில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, அது முழுப் பாதை என்றார் புத்தர். போதை விஷயத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். போனில் மூன்று பேர் எண் இருக்க வேண்டும், ஏக்கம் இல்லாத நாளிலேயே அவர்களோடு பேசிப் பழகியிருக்க வேண்டும்.

பன்னிரண்டு படி இயக்கம் 1935இல் தொடங்கிய, குடியை விட முயல்பவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸிலிருந்து வந்தது. அதில் வரும் 'மேலான சக்தி' நெருடுகிறவர்கள் அந்த இடத்தில் தம்மத்தையோ (புத்தர் போதனை) சங்கத்தையோ (கூடிப் பயில்வோர்) வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். ரெக்கவரி தர்மா போன்ற பௌத்த வழிக் குழுக்களும் உண்டு. அங்கே தியானம், ஒரு வாசிப்பு, பிறகு பகிர்வு என்று கூட்டம் போகும், இணையத்திலும் நடக்கிறது. மூன்று கூட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே ஒருவரைச் சுற்றிச் சுழலும் குழு, பணத்தை வலியுறுத்தும் குழு, ஆசிரியரைக் கேள்வி கேட்கவிடாத குழு என்றால் நகர்ந்துவிடுங்கள்.

14. இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா?

உண்டு, அளவோடு. மார்லட் வழிவந்த 8 வாரப் பயிற்சியை 286 பேரிடம் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. அவர்கள் எல்லோரும் முதற்கட்டச் சிகிச்சையை முடித்தவர்கள். வழக்கமான பின்சிகிச்சை, நடத்தைவழி மறுவீழ்ச்சித் தடுப்பு, இந்தப் பயிற்சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். 12ஆம் மாதத்தில் மற்ற இரு பிரிவினரைவிட இந்தப் பிரிவினர் போதை எடுத்த நாட்கள் குறைவு. ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பிற்கால அலசல்கள் இவ்வளவு பளிச்சென்று இல்லை: ஏக்கம் கொஞ்சம் குறைகிறது, மறுவீழ்ச்சியில் தெளிவான வித்தியாசம் இல்லை. சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய நல்லது, சிகிச்சைக்குப் பதிலாகச் செய்யக் கூடாது என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

15. பத்து நாள் மௌன முகாமுக்குப் போனால் ஒரேயடியாகச் சரியாகிவிடாதா?

நிறுத்திய முதல் மாதங்களில் வேண்டாம். தினமும் பத்து மணி நேரம் அளவுக்கு உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, போன் கிடையாது. உங்களைத் தாங்கும் எல்லாக் கயிறும் அறுந்த நிலையில் பழையதெல்லாம் மேலே வரும். முகாமில் பிரமாதமாக இருந்துவிட்டு வீடு திரும்பிய வாரமே குடிப்பதும் நடக்கிறது. ஆறு மாதமாவது நிதானமாக இருந்து, தினமும் அரை மணி உட்காரும் பழக்கம் வந்த பிறகு, விண்ணப்பத்தில் மருந்து விவரத்தை மறைக்காமல் எழுதிவிட்டுப் போங்கள்.

16. தியானம் யாருக்காவது கெடுதல் செய்யுமா?

செய்யலாம். சிறுவயதுக் கொடுமை, விபத்து, வன்முறை போன்றவற்றின் காயம் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உடம்பைக் கவனிப்பது பழைய காட்சிகளைத் திறந்துவிடும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்து, மூச்சுக்குப் பதிலாக வெளிச் சத்தத்தையோ பாதத்தையோ கவனிக்கட்டும், ஒரு தடவைக்கு 3 நிமிடம். காதில் குரல் கேட்பது, உடம்பு தன்னுடையதே இல்லை என்ற உணர்வு எழுந்த பிறகும் நீடிப்பது, இரண்டு மூன்று இரவு தூக்கமே வராதது, தற்கொலை எண்ணம்: இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

17. வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் மது வைக்காதீர்கள். 'உட்கார்ந்தியா, உட்கார்ந்தியா' என்று தியானத்துக்குக் காவல் நிற்காதீர்கள். டைசல்பிரம் மாத்திரையைச் சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலப்பதை மட்டும் செய்யவே கூடாது. அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, சிலருக்கு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. உங்கள் கவலைக்கும் கோபத்துக்கும் நீங்களும் தினம் பத்து நிமிடம் உட்காரலாம், அவருக்காக இல்லை, உங்களுக்காகவே.

18. சூதாட்டம், ஆபாசப் படம், போன் விளையாட்டு இவற்றுக்கும் இதே முறையா?

அதே நான்கு கண்ணிகள்தான். ஒரே வித்தியாசம், இவற்றின் 'கடை' உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. செயலியை நீக்குவது, பணக் கணக்கை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைப்பது, இரவில் போனை வேறு அறையில் வைப்பது ஆகியவற்றைச் செய்துவிட்டுத் தியானத்துக்கு வாருங்கள்.

19. முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரியும்?

தியானத்தில் அமைதி கிடைக்கிறதா என்பதை வைத்து அளக்காதீர்கள், அது வரும் போகும். நோட்டில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஏக்கத்தை எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள்? தொடக்கத்தில் அது கோப்பை காலியான பிறகு தெரியும். சில வாரம் கழித்துக் கடை வாசலில் தெரியும். அப்புறம் வீட்டுக்குப் போகும் வழக்கமான தெருவை விட்டுக் கால் வேறு தெருவில் திரும்பும்போது. பிறகு ஒருநாள், மதியம் மூன்று மணிக்கு, யாரோ அலுவலகத்தில் முகம் சுளித்துப் பேசிய கையோடு, தாடை இறுகும்போதே.